ஃபினேத்தா சுற்றிப்போகும் தெரு

கடலோரப் பேட்டையான கபன்யாலுக்குள் நுழைந்ததும் ஃபினேத்தா மணியை அடித்து, இடக்கையை நீட்டி, சைக்கிளைத் திருப்புகிறாள். பின்னால் சைக்கிள்களில் வால்போல வரும் சுற்றுலாக்காரர்களும் திரும்புகிறார்கள். அப்படியே நேராகப் போயிருந்தால் கடற்கரை கிட்டத்தில்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி, வலைக் கிடங்கின் பின்புறமாக, குண்டும் குழியுமான சந்து வழியாகத்தான் கூட்டிப்போவாள். யாராவது அந்த நேர்த்தெருவைக் காட்டிக் கேட்டால், "அங்க ஒண்ணும் இல்ல. வெறும் சுவருதான்" என்பாள்.

அறுபதைத் தாண்டியவள். குள்ளம், அகன்ற தோள்கள், ஊருக்கே கேட்கும் குரல். ஸ்பெயினின் வலென்சியா நகரப் பெரிய சந்தையில் விலாங்கும் கடல்மீனும் விற்றுச் சம்பாதித்த குரல் அது. பனிக்கட்டிக்குள் கையை விட்டு விட்டு விரல்கள் மடங்க மறுத்தபோது கடையை விட்டாள். அந்த விரல்களால் பிரேக்கை அழுத்த முடியாது. வலது காலைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துவாள். வலது ஷூ மட்டும் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். செருப்புக் கடையில் ஒற்றை ஷூ கேட்டுச் சண்டை போட்டு, தோற்று வந்திருக்கிறாள்.

காலையில் ருசாஃபா சந்தை வாசலிலிருந்து கிளம்புவார்கள். தெரு முழுக்க அவளுக்குச் சொந்தம். அல்ஜீரியாக்காரர் மலீக் தன் முடிதிருத்தும் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, "வாத்துக் கூட்டத்த ஓட்டிட்டுக் கிளம்பிட்டியா?" என்பார்.

"வாத்து இல்ல மலீக், அன்னம். டவுசர் போட்ட அன்னம். நீ மொதல்ல உன் தாடிய வெட்டு, கடைக்கு ஆளு வரும்."

கூட்டம் அவள் பின்னால் பள்ளத்தில் இறங்கும். ஆறு ஓடிய படுகையில் இப்போது மரங்கள், பந்து விளையாடுகிறவர்கள், நாய்கள். தலைக்கு மேல் பழைய கல்பாலங்கள். ஆறு எங்கே என்று தினம் ஒருவர் கேட்பார். "வெள்ளமா வந்து வாலாட்டுச்சு, ஊருக்கு வெளிய தள்ளிட்டாங்க" என்பாள். பதினொரு மணி வாக்கில் பெனிமக்லெத்தில் ஒரு மதுக்கடை முன் நிறுத்தி, முழங்கை நீள ரொட்டிக்குள் ஆம்லெட்டும் தொத்திறைச்சியும் வைத்துக் கொடுக்கச் சொல்வாள். கூடவே ஆலிவ், வேர்க்கடலை, கடைசியில் ரம் ஊற்றிக் கொளுத்திய காபி. சாலட் உண்டா என்று கேட்டவரிடம், "பல்லு இருக்குல்ல, கடிங்க. இலையெல்லாம் ராத்திரி திங்கலாம்" என்றாள்.

அவளுக்கு இந்தத் தொழில் பிடிக்கும். ஊரைக் காட்டுவது, தன் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டுவதுபோல அவளுக்கு. காட்டும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். அங்கேதான் வந்தது வினை.

அவள் இப்போது சுற்றிப்போகும் அந்தத் தெருவில்தான் விசென்தா இருந்தாள். கடலோடியின் விதவை, ஃபினேத்தாவின் கடைக்கு மீன் வந்ததே அவள் புருஷன் படகிலிருந்துதான். வாடகை வீடு, ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கேதான். முகப்பு முழுக்கப் பச்சையும் நீலமுமாக ஓடு பதித்த வீடு. ஃபினேத்தா தன் கூட்டத்தை அந்த வாசலில் நிறுத்துவாள். உடைந்த கப்பலிலிருந்து ஒதுங்கிய ஓடுகள் இவை என்று கதை சொல்வாள். விசென்தா கதவைத் திறந்துவிட்டு, உள்முற்றத்துக்குக் கூட்டிப்போய், வேகவைத்த சிப்பி கொடுப்பாள். "எந்தக் கப்பலுடி? கடையில வாங்கின ஓடு" என்று ஃபினேத்தாவின் காதைக் கடிப்பாள். சிரிப்பார்கள்.

ஒரு நாள் ரூத்கர் என்ற நெதர்லாந்துக்காரர் வந்தார். அமைதியானவர். முற்றத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வீடு யாருடையது என்று கேட்டார். ஃபினேத்தா பெருமையாகச் சொன்னாள்: வீட்டு உரிமையாளர் செத்துவிட்டார், பிள்ளைகள் மாத்ரீதில் இருக்கிறார்கள், இந்த வீட்டின் அருமை அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கேட்கிறவர் ஆசையாகக் கேட்டால் அவளுக்கு வாய் நிற்காது.

குளிர்காலம் முடிவதற்குள் வீடு ரூத்கரின் கைக்கு மாறியது. வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் அவர் புதுப்பிக்கவில்லை. விசென்தா தன் மகள் வீட்டுக்கு, கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் தொரெந்துக்கு, நான்காவது மாடிக்குப் போனாள். இப்போது அந்தக் கதவில் எண்பூட்டு தொங்குகிறது. வாரத்துக்கொரு முகம், விடுமுறைக்கு வாடகை கொடுத்து, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறது.

ஃபினேத்தா தொரெந்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். விசென்தா சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்ல மனுஷன்டி அவன். அன்னிக்கு காபி குடிச்ச கோப்பையக் கழுவி வெச்சுட்டுப் போனான்" என்று மட்டும் சொன்னாள். ஃபினேத்தா அன்றிலிருந்துதான் சுற்றிப்போக ஆரம்பித்தாள். கூட்டம் நிற்கிற இடங்களில் பெயர்கள் சொல்வதையும் விட்டுவிட்டாள். 'இங்கே ஒரு குடும்பம்', 'அங்கே ஒரு ஆள்' என்பதோடு சரி. சைக்கிள் சுற்றுலாக் கம்பெனி முதலாளி கூப்பிட்டு, முன்னைப்போலச் சுவாரஸ்யம் இல்லை என்று வருகிறவர்கள் குறைபட்டுக்கொள்வதாகச் சொன்னார். "சுவாரஸ்யமாச் சொன்னது போதும்" என்றாள்.

போன ஞாயிறு விசென்தா மெட்ரோவில் வந்து இறங்கினாள். கடலைப் பார்க்கவேண்டும் என்றாள். முழங்கால் வலி, நடக்கமுடியாது. ஃபினேத்தா கம்பெனியிலிருந்து முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டியை வாங்கி வந்தாள். குழந்தைகளை உட்கார வைக்கும் பெட்டி. அதற்குள் விசென்தா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ராணிபோல உட்கார்ந்தாள்.

"கவுத்துடாதடி. என் மக என்னத் தேடுவா."

"நீ ஆடாம உக்காரு. ஒரு படகு வெயிட்டு இருக்க."

கபன்யால் வந்ததும் ஃபினேத்தாவின் கை தானாக இடப்பக்கம் திரும்பியது. விசென்தா வண்டியின் விளிம்பைத் தட்டினாள். "எங்க போற? என் தெரு இது."

"ரோடு வெட்டிப் போட்டிருக்காங்க."

"ஃபினேத்தா."

வண்டி அந்தத் தெருவுக்குள் போனது. வீட்டுக்கு எதிரே விசென்தா நிறுத்தச் சொன்னாள். ஓடுகளைப் பளபளவென்று கழுவியிருந்தார்கள். விசென்தா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கதவு திறந்து ஓர் இளம் ஜோடி வெளியே வந்தது. ஃபினேத்தாவின் மேல்சட்டையில் இருந்த கம்பெனிச் சின்னத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்: இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள், தெரியுமா?

"என்னடி கேக்குறா?" என்றாள் விசென்தா.

ஃபினேத்தா சொன்னாள்: "நல்ல சிப்பி எங்க கிடைக்கும்னு கேக்குறா."

"அக்டோபர்லயா? வேண்டாம்னு சொல்லு. காலம் முடிஞ்சுபோச்சு. இப்ப விக்கிறது எல்லாம் வேற ஊருச் சரக்கு, வயித்தக் கெடுக்கும். ஜூன் மாசமா வரச் சொல்லு." சொல்லிவிட்டு, பெட்டிக்குள்ளிருந்தே அந்தப் பெண்ணைப் பார்த்து, வாசலில் நின்று வழியனுப்புகிறவள்போலக் கையசைத்தாள்.

ஃபினேத்தா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஜோடி ஒன்றும் புரியாமல் சிரித்து, நன்றி சொல்லிப் போனது.

"நல்ல புள்ளைங்களாத்தான் தெரியுது" என்றாள் விசென்தா. "சரி, கிளம்பு."

ஃபினேத்தா கிளம்பவில்லை. வண்டியின் பின்புறம் குனிந்து, மடங்காத கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தாள். காற்று நிறைந்து டயர் கல்லுப்போல இருந்தது. நிமிராமல், இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.