வாய் கட்டிச் சமைத்த ராசம்மா அக்கா

வெறுவயித்தோடை வாற மனிசரை விடிய ஏழு மணிக்கு வரிசையிலை நிப்பாட்டி, ஊசியும் குத்திப்போட்டு, சிரிச்ச முகத்தோடை போங்கோ எண்டு சொல்லுற தொழில் எங்கடை தொழில். ஆசுப்பத்திரியிலை, மருந்துக்கடையிலை, இரத்தம் சோதிக்கிற இடத்திலை வேலை செய்து பேச்சு வாங்கின ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். தொண்ணூறுகளிலை இத்தாலியின்ரை பலெர்மோ நகரத்திலை, அல்பெர்கேரியாச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையிலை இருந்த ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்திலை எனக்கு வேலை. நிலம் துடைக்க எண்டுதான் எடுத்தவை. எங்கடை சனம் வரத் தொடங்க, மொழிபெயர்ப்பும் என்ரை தலையிலை விழுந்தது.

காப்பி

இரத்தத்திலை கொழுப்புப் பார்க்கிறதெண்டால் பன்னிரண்டு மணித்தியாலம் ஒண்டும் தின்னக்கூடாது. இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவினம். சந்தையிலை மீன் விக்கிற ஒரு கிழவர், சீனி வருத்தக்காரர், மாதாமாதம் வருவார். ஒருநாள் மீசையிலை சீனித்தூள் ஒட்டியிருக்க வந்து கையை நீட்டுறார். ஊசி குத்துற நுன்சியா பொல்லாத மனிசி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாலை பார்த்து, "என்ன தின்னனீர்?" எண்டு கேட்டா. ஒண்டுமில்லை, காப்பியும் அதோடை ஒரு பணிசும் எண்டார் மனிசன். நுன்சியா ஊசியை மேசையிலை வைச்சிட்டு என்னைப் பார்த்தா, நான் நிலத்தைப் பார்த்தன். கிழவர் கோவத்தோடை எழும்பினார்.

"காப்பி சாப்பாடில்லை அம்மா, அது மூச்சு!"

மூண்டு நாள் படிப்பு

எங்கடை ஆக்கள் மற்றப் பக்கம். சோதினைக்கு மூண்டு நாளைக்கு முதலே வெந்தயத் தண்ணியும் கஞ்சியுமாய் இருந்து, சோக்கான இரத்தத்தைக் கொண்டுவந்து தருவினம். தொத்தோரே, அதுதான் எங்கடை டொக்டர், தாளைப் பார்த்து ஏமாந்து போவார். பொரிச்ச ஆட்டிறைச்சியோடை ஆறு மாதம் வாழுற மனிசன்ரை கொழுப்பு, அந்த மூண்டு நாளிலை கொஞ்சம் இறங்கி நல்லபிள்ளைக்கு நடிக்கும். உண்மையைச் சொல்லுங்கோ எண்டு நான் கெஞ்சியும் பார்த்தன், வெருட்டியும் பார்த்தன். என்ரை அறைச்சினேகிதனே தாளை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு சொன்னது இது.

"மச்சான், பாஸ்! இனி ஆறு மாதத்துக்குப் பயமில்லை."

பால்

உப்பிடியான கள்ளருக்கு நடுவிலைதான் ராசம்மா அக்கா வந்தா. ஐம்பது வயசிருக்கும், யாழ்ப்பாணத்து ஆள், புருசன் இல்லை. கால்சாப் பகுதியிலை, சிஞ்ஞோரா எண்டு எல்லாரும் கூப்பிடுற ஒரு விதவைச் சீமாட்டியின்ரை பெரிய வீட்டிலை சமையல். சீனி வருத்தம் வந்து நாலு வருசம். குளிசையை நேரம் தவறாமல் போடுவா, இரவு ஒரு ரொட்டித் துண்டோடை படுப்பா. அவவின்ரை இரத்தத்தை எடுத்து மெஷினிலை சுத்தினால், மேலை வாற நீர் மற்ற ஆக்களுக்கு வெளிறின மஞ்சளாய்த் தெளிஞ்சு நிக்கும். அவவுக்குப் பால் மாதிரி வெள்ளையாய் நிண்டது. நுன்சியா குழாயை வெளிச்சத்திலை பிடிச்சு, சிலுவை போட்டுக்கொண்டா.

ஏதோ திண்டிட்டுத்தான் வந்திருக்கிறா எண்டு நானும் நினைச்சன். திரும்ப வரச்சொல்லித் திரும்பவும் எடுத்தம். திரும்பவும் பால். எனக்கு வந்த கோவத்திலை, "அக்கா, என்னத்துக்கு எங்களைப் பேய்க்காட்டுறியள்?" எண்டு வாய்விட்டுக் கேட்டிட்டன். மனிசி கண் கலங்கி, கை பஞ்சை அமத்தினபடியே நிண்டா. இண்டைக்கும் அந்தக் கேள்விக்காக நான் வெக்கப்படுறன்.

"பிள்ளையார் ஆணை, தம்பி, பச்சைத்தண்ணி கூட வாயிலை படேல்லை."

ரெண்டு கூட்டாளி

தொத்தோரே அவவை இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினார், நான் தமிழிலை சொன்னன். சீனி அடங்காமல் நிண்டால், இரத்தத்திலை இருக்கிற கொழுப்பை உடம்பு துப்பரவாக்க மாட்டுதாம். ரெண்டும் கூட்டாளிமார், ஒண்டை மட்டும் துரத்தி வேலையில்லை. கெட்ட கொழுப்பு ஏறியிருக்கு, நல்லது குறைஞ்சிருக்கு. இப்பிடியே விட்டால் நெஞ்சு அடைக்கும், கணையமும் வீங்கும். புதுக் குளிசையும் எழுதினார், ஒவ்வொரு நாளும் நடக்கவும் சொன்னார். கடைசியிலை, குசினி வேலையை விடுறது நல்லது எண்டார்.

அதைத்தான் அவ விட ஏலாது. சிஞ்ஞோரா வேலைக் கடிதத்திலை கையெழுத்து வைச்சால்தான் பெர்மெசோ, அதுதான் இங்கை இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்கலாம். பெர்மெசோ இருந்தால்தான் கொழும்பிலை தனிய ஒரு லொட்ஜிலை கிடக்கிற பதினேழு வயசு மகளைக் கூப்பிடலாம். மகளுக்குப் பதினெட்டு முடிஞ்சால் அந்தக் கதவும் பூட்டு. இதை நான் தொத்தோரேக்குச் சொல்ல, அவர் பேனையைக் கீழை வைச்சார். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டா.

"பிள்ளை வந்து இறங்கும்வரைக்கும் இந்த நெஞ்சு தாங்குமோ எண்டு மட்டும் கேள் தம்பி."

கடலை

அந்தப் பால் எங்கையிருந்து வருது எண்டு பார்க்க, அந்தச் சனிக்கிழமை ஏதோ சாட்டுச் சொல்லி நான் கால்சாவுக்குப் போனன். குசினி மூலையிலை குந்தி இருந்து பார்த்தன். அக்கா கத்தரிக்காயைப் பொரிச்சா, ஒரு துண்டு வாயிலை. தக்காளிக் குழம்பைக் கிண்டினா, ஒரு கரண்டி. சீஸ் துருவினா, ஒரு கிள்ளு. ரிக்கோட்டாவுக்குச் சீனி கலந்தா, விரலிலை தொட்டு நாக்கிலை. ஒவ்வொரு தரத்துக்கும் நான் பக்கத்திலை கிடந்த சாக்கிலை இருந்து ஒரு கடலையை எடுத்துக் கோப்பையிலை போட்டுக்கொண்டு வந்தன். மத்தியானச் சாப்பாடு மேசைக்குப் போகேக்கை கோப்பையிலை நாற்பத்தொரு கடலை.

அவவுக்கு நம்பேலாமல் கிடந்தது. பொய்யே சொல்லத் தெரியாத மனிசி, ருசி பார்க்கிறதைச் சாப்பாடு எண்டு ஒருநாளும் நினைச்சதில்லை. விடிய எழும்பினால் முதல்வேலை அடுப்பு. சோதினைக்கு வந்த அண்டைக்கும் குழம்பு வைச்சிட்டுத்தான் வந்தவவாம். அப்ப ருசி பார்க்கிறதை விடுங்கோவன் எண்டன். சிஞ்ஞோரா விடாவாம். ருசி பார்க்காமல் சமைக்கிறவள் ஆருக்கோ வேண்டாவெறுப்பாய்ச் சமைக்கிறவள், அவளுக்குத் தன்ரை வீட்டிலை இடமில்லை எண்டு முதல்நாளே சொல்லிப்போட்டாவாம். அக்கா கோப்பையைக் கையிலை வாங்கி, கடலையைக் கிளறிக் கிளறிப் பார்த்தா.

"இவ்வளவும் நானோ திண்டனான்? அப்ப நுன்சியாவிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்."

துணி

ரெண்டு கிழமை கழிச்சுப் போனால், மனிசி வெள்ளைத் துணியாலை வாயைக் கட்டிக்கொண்டு அடுப்படியிலை நிக்கிறா! பல்லுக்கொதியோ எண்டு கேட்டன். துணியை இறக்கிப்போட்டுச் சிரிச்சா. எங்கடை ஊர்ப்பக்கம் முருகன் கோயிலிலை வாய் கட்டிப் பூசை செய்யிறவை தெரியுந்தானே? சாமிக்குப் பொங்கேக்கையும் படைக்கேக்கையும் ஆரும் ருசி பார்க்கிறேல்லை. மணத்திலை உப்பு விளங்கும், கொதிக்கிற சத்தத்திலை பதம் விளங்கும். தன்ரை கைக்கு அது தெரியும், நாக்குத்தான் பழக்கதோசம், அதுதான் நாக்கைக் கட்டினனான் எண்டா. சிஞ்ஞோராவின்ரை காலடி கேட்டால் துணி மடிக்குள்ளை போயிடும். எனக்கெண்டால் அவவைக் கையெடுத்துக் கும்பிடவேணும் போல இருந்தது. தொத்தோரேக்குச் சொன்னன், மனிசன் மருந்துச் சீட்டை மூடி வைச்சார்.

"முப்பது வருசமாய் மருத்துவம் பார்க்கிறன், இப்பிடி ஒரு மருந்தை நான் எழுதினதில்லை."

சாந்தா லூச்சியா

டிசம்பரிலை கண்ணுக்குரிய புனிதையின்ரை நாள். அண்டைக்குப் பலெர்மோவிலை பாணும் இல்லை, பாஸ்தாவும் இல்லை; சோத்து உருண்டையைப் பொரிச்சுத் தின்னுவினம், அவிச்ச கோதுமையை ரிக்கோட்டாவிலை போட்டுத் தின்னுவினம். சிஞ்ஞோராவிட்டை இருபது விருந்தாளி. பாத்திரம் தூக்க என்னையும் அக்கா கூப்பிட்டவ. கடிதத்திலை கையெழுத்து வைக்கிறதும் பண்டிகை முடிஞ்ச பிறகுதான் எண்டு சிஞ்ஞோரா சொல்லி வைச்சிருந்தா.

எண்ணெய் பொரியிற சத்தத்திலை காலடி கேக்கேல்லை. சிஞ்ஞோரா வாசல்லை நிக்கிறா, அக்காவின்ரை வாயிலை துணி. "என்ரை சாப்பாடு உனக்கு நாறுதோ?" எண்டு கிழவி கத்தினா. போச்சு, எல்லாம் போச்சு எண்டு நினைச்சன். மொழிபெயர்ப்பம் எண்டு வாயைத் திறந்தன், அக்கா கையாலை மறிச்சிட்டு, துணியை இறக்கி, தனக்குத் தெரிஞ்ச உடைஞ்ச இத்தாலியனிலை தானே சொன்னா: கடவுளுக்குச் சமைக்கேக்கை நாங்கள் ருசி பார்க்கிறேல்லை. எனக்குச் சீனி வருத்தம். மூண்டு மாதமாய் உங்களுக்கும் அப்பிடித்தான் சமைக்கிறன்.

சிஞ்ஞோரா அடுப்படிக்கு வந்தா. கோதுமையிலை ஒரு கரண்டி எடுத்து வாயிலை வைச்சா. பிறகு இன்னொரு கரண்டி. அந்த மூண்டு மாதமும் மேசையிலை ஒரு குறையும் அவ கண்டதில்லை, அது அவவுக்கே ஞாபகம் வந்திருக்கவேணும். கண்ணைத் துடைச்சுக்கொண்டு, ருசி பார்க்கிற மரக்கரண்டியை ஆணியிலை இருந்து கழட்டித் தன்ரை சட்டைப் பைக்குள்ளை செருகினா.

"புருசன் கூட என்னை அந்த இடத்திலை வைச்சதில்லை. ருசி பார்க்கிறது இனி என்ரை வேலை. போய்ப் பேனையைக் கொண்டு வா, உன்ரை மகள் வரட்டும்."

சித்திரையிலை மகளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்த ராசம்மா அக்காவின்ரை குழாய் மஞ்சளாய்த் தெளிஞ்சு நிக்க, அடுத்த கிழமை வந்த பால் குழாயிலை சிஞ்ஞோராவின்ரை பேர் இருந்ததைப் பார்த்து, இந்தத் தொழிலிலை கொழுப்பு ஒருநாளும் ஒழியிறேல்லை, ஆள்தான் மாறுது எண்டு நான் துடைப்பத்தை எடுத்தன்.