கெனெண்டல் பேழையைத் திறந்த ஓய்வுநாள்

ஜார் மன்னர் ஆண்ட வொலீனியாவில் எங்கள் ஊர் யூத ஜெபக்கூடத்தின் பெண்கள் மாடத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்கு முன்னால் நின்று பிரார்த்தனையை வாய்விட்டுச் சொன்னவள் கெனெண்டல் என்ற விதவை. ஏட்டிலுள்ள துதி போதாது என்று பட்டால், வந்தவளின் துயரத்துக்கு ஏற்றபடி எங்கள் பேச்சுமொழியிலேயே பாட்டுக் கட்டிவிடுவாள். அவள் ஒரு வரி சொல்ல, மாடமே அதைத் திருப்பிச் சொல்லி அழும்.

கிரிமியாப் போர் மூண்டதும் ஜார் பட்டாளத்துக்கு ஊருக்கு இத்தனை பேர் என்று சின்னப் பையன்களைக் கேட்டார். சபைப் பெரியவர்கள் ஆள்பிடிகாரர்களை ஏவி ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆனாலும் பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. சபைத் தலைவரின் மனைவி ஃப்ரைடே, தன் மகன் தப்பிக்க ஒரு பாட்டுக் கட்டித் தரச் சொல்லி வந்தாள். அவளும் தாய்தானே என்று கெனெண்டல் கட்டிக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்தே அழுதார்கள்.

அந்த வாரமே கெனெண்டலின் ஒரே மகன் லைசரைக் கிணற்றடியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். ஒன்பது வயது. ஃப்ரைடேயின் கதவைத் தட்டினாள். அம்மாவுக்குத் தலைவலி என்று வேலைக்காரி சொன்னாள். யாருக்குப் பதிலாக யாரைப் பிடித்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஓய்வுநாள் காலையில் அவள் மாடத்துக்குப் போகவில்லை. ஆண்களுக்கு நடுவே நடந்து போய்ப் பேழையைத் திறந்து, வேதச் சுருள்களைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாசிப்பு நின்றது. நியாயம் கேட்டு வாசிப்பை நிறுத்துவது பழைய உரிமை. அதனால் யாரும் அவளைத் தொடவில்லை.

"மேல போம்மா. இது அரசாங்க உத்தரவு, நாங்க என்ன பண்றது?" என்றார் தலைவர்.

"உத்தரவுல லைசர்னு பேர் போட்டிருந்துச்சாய்யா?"

கெனெண்டல் சுருள்களின் பக்கம் திரும்பினாள்.

"ஆண்டவனே, ஃப்ரைடே பையன் தப்பணும்னு நான் கேட்டதைக் குடுத்துட்டே. அதைத் திருப்பி எடுத்துக்கோன்னு சொல்ல எனக்கு வாய் வரலே. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளை. ரெண்டு பேரையும் விட்டுடுன்னு கேக்கத் தெரியாமப் போச்சே எனக்கு."

மாடத்தில் பெண்கள் அந்த வார்த்தைகளையும் வரிவரியாகத் திருப்பிச் சொன்னார்கள். ஃப்ரைடேயின் குரலும் அதில் இருந்தது. கீழே சில ஆண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். பையனை விட்டுவிடுவோம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் பிடிபட்ட பையன்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. கெனெண்டல் ஆற்றுத்துறைவரை பின்னாலேயே ஓடினாள். படகில் ஏற அவளைச் சிப்பாய் விடவில்லை. லைசர் அழக்கூட இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு போனான்.

சில வருடங்களில் புதிய ஜார் வந்து பிள்ளைபிடிப்பை நிறுத்தினார். லைசரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. கெனெண்டல் மறுபடி மாடத்தில் நின்று மற்றவர்களுக்காகச் சொன்னாள். இறந்தவர்களுக்கான துதி வரும்போது மட்டும் வாயடைத்து நிற்பாள். அதில் மகன் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.