இரவல் கேட்க முடியாத வண்டி

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்த ரத்தினவேலுக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. ஊரில் இதைப் பெருந்தன்மை என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் அவரிடம் இரவல் வாங்கியவர்கள் என்பதால் நான் அதை நம்புவதில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், கட்டியிருந்த பட்டு வேட்டியைக் கேட்டவனுக்கு அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அவனுடைய அழுக்கு வேட்டியோடு பந்தியில் உட்கார்ந்தவர் அவர். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அவருடைய மாட்டுவண்டி எப்போதும் யாருடைய வயலிலாவது நிற்கும். கொட்டை மூட்டைகள் வீட்டிலேயே கிடந்து, விலை இறங்கிய பிறகு நிதானமாகப் புதுக்கோட்டை போய்ச் சேரும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி மூக்காயி, தாய்வீட்டில் கொடுத்த முந்திரிக்காட்டில் பாதியை விற்று மோட்டார் வண்டி வாங்கச் சொன்னாள். இந்த வண்டியும் ஊர்ப் பொதுவாகிவிட்டால் மிச்சப் பாதியும் போய்விடும். அந்தப் பயத்தில் அவளும் திருச்சிக்குக் கூடவே கிளம்பினாள்.

அது அறுபத்து நாலாம் வருடம். புரோக்கர் மலையாண்டி இரண்டு பழைய பிக்கப் வண்டிகளைக் காட்டினான். இரண்டும் ஒரே மாதிரிதான். ஒன்றில் மட்டும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். டீசலுக்குச் செலவு குறைவு, இழுவை அதிகம் என்றான். பெட்ரோல் வண்டி அலுங்காது, சத்தமும் போடாது, ஆனால் காசைக் குடிக்கும் என்றான். ரத்தினவேல் இரண்டுக்கும் தலையாட்டினார்.

மூக்காயி ஒன்றுதான் கேட்டாள். “இந்த டீசல வேற எதுக்கு ஊத்தலாம்?”

மலையாண்டிக்கு உற்சாகம். “கெணத்து எஞ்சினுக்கும் இதேதாங்க ஊத்துறது.”

எங்கள் ஊரில் கிணற்றுக்கு எஞ்சின் வைத்திருந்த அத்தனை பேரும் ரத்தினவேலுக்குப் பங்காளி அல்லது மச்சான். ஆளுக்கொரு டின்னோடு அவர்கள் வரிசையில் நிற்பது மூக்காயிக்குத் திருச்சியிலேயே தெரிந்துவிட்டது. பெட்ரோல் எதற்கு ஆகும் என்று கேட்டாள். கார், மோட்டார் சைக்கிள் என்றான். ஊரில் இரண்டுமே கிடையாது.

“பெட்ரோலே இருக்கட்டும்,” என்றாள்.

பொம்பளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று மலையாண்டி முணுமுணுத்தான். எஞ்சினைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாதுதான். புருஷனைப் பற்றி நன்றாகத் தெரியும்.

முதல் வாரமே பங்காளி பெரியண்ணன் டின்னோடு வந்தார். “பெட்ரோலுண்ணே, ஒங்க எஞ்சினுக்கு ஆகாது,” என்றார் ரத்தினவேல். பெரியண்ணன் டேங்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆயுளில் முதல் தடவையாக ஒருவரை வெறுங்கையோடு அனுப்பிய சந்தோஷத்தில், கிணறே இல்லாதவர்களிடம்கூடப் போய்த் தன்னால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார் ரத்தினவேல். அன்றைக்கு மூக்காயி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

அடுத்த மாதம் பெரியண்ணன் டின் இல்லாமல் ஓடி வந்தார். மகள் அழகிக்கு இடுப்பு வலி. மூட்டைகளை இறக்கிவிட்டு, பாயை விரித்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண் குழந்தை. திரும்பி வந்த அழகி, வண்டி கொஞ்சம்கூட அலுங்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னாள். அதோடு தொலைந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் யாருக்கு வலி வந்தாலும் ‘அலுங்காத வண்டி’யைத் தேடி ஆள் வந்தது. மூட்டைகள் பாதி வழியில் ரோட்டோரம் இறங்கின. மூக்காயி புருஷனைத் திட்டினாள், வந்தவர்களையும் திட்டினாள். திட்டிக்கொண்டே பாய்க்கு அடியில் வைக்கோல் பரப்பினாள். பிறகு பழைய சேலைகளைத் துவைத்து மடித்து வண்டியிலேயே வைத்தாள். கொஞ்ச நாளில் அவளும் முன்சீட்டில் ஏறி உட்கார ஆரம்பித்தாள்.

இரண்டு வருடம் கழித்து மலையாண்டியே ஊருக்கு வந்தான். அவன் சொன்னபடியே பெட்ரோல் லாபத்தைக் குடித்திருந்தது. அதற்குள் எங்கள் கிணறுகளுக்குக் கரண்ட் மோட்டார் வந்துவிட்டதால் டீசல் இரவல் கேட்கவும் ஆளில்லை. எஞ்சினை மாற்றிவிட்டால் மிச்சக் காடாவது தப்பும் என்றான். ரத்தினவேல் வழக்கம்போல் சரி என்றார். கொட்டை சீசனான சித்திரைக்குள் வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு மலையாண்டி மூக்காயியைப் பார்த்தான்.

அவள் விரல் மடக்கி மாதக் கணக்குப் பார்த்தாள்.

“காடு போறப்ப போகட்டும்,” என்றாள். “சித்திரையில அழகிக்கு ரெண்டாவது பேறுகாலம். பெட்ரோலே இருக்கட்டும்.”