வல்லூற்றுக்கு நான் கட்டிய வலைச்சுவர்

நாங்கள் இருக்கும் டண்டினொங் நகரில் ஒரு களஞ்சியக் கட்டடத்தின் கண்ணாடியில் மோதி விழுந்த வல்லூறு அது. என் மகள் மிருக வைத்தியரிடம் வேலை செய்கிறாள். காயப்பட்ட பறவைகளை வீட்டில் வைத்துத் தேற்றி விட அவளுக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. கிளிகளுக்குக் கட்டிய சின்னக் கூடு வல்லூற்றுக்குக் காணாது. முறிந்த செட்டை பொருந்திவிட்டது, இனிப் பறந்து பழக வீட்டு வளவின் பின்பக்கம் பெரிய கூடு வேண்டும் என்றாள்.

"நான் கட்டுறன்" என்றேன்.

"அம்மா, உங்களுக்கு எழுபத்திரண்டு வயசு."

"வயசு கட்டப்போறேல்லை. நான்தான் கட்டப்போறன்."

குழி நான் தோண்டினேன். மரக்கால்களை இருவருமாக நட்டோம். நிலத்துக்குச் சல்லி பரப்பினோம். பறவை இருக்கும் கொம்புகளுக்குச் செயற்கைப் புல் விரிப்பைச் சுற்றி ஆணி அடித்தேன். வெறும் மரத்தில் நாள் முழுக்க நின்றால் உள்ளங்கால் புண்ணாகிவிடுமாம். சுவரில்தான் பிரச்சினை வந்தது. மகள் பலகை என்றாள். நான் வலை என்றேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் மன்னார்க் கரையில் நான் பின்னிய மீன்வலையை அவிழ்த்துத் திரும்பப் பின்னச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கடைசியில் மகள் விட்டுக்கொடுத்தாள். நைலோன் நூல் வாங்கித் தந்தாள்.

இந்த நாட்டுக்கு வரப் படகில் ஏறியது நானும் மகளும்தான். என் மனுசன் தன் தாயை விட்டு வரமுடியாமல் நின்றுவிட்டார். பிறகு தாயும் இறந்துபோனார். எங்கள் தற்காலிக விசாவில் அவரைக் கூப்பிடவும் முடியவில்லை, நான் போய்த் திரும்பவும் முடியவில்லை. இப்போது விசா நிரந்தரமாகிவிட்டது. அவரைக் கூப்பிடக் கொடுத்த கடதாசிகள் எங்கோ ஒரு மேசையில் கிடக்கின்றன. அதனால் போனைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் பின்னுவேன். அவர் அங்கிருந்து பின்னு பின்னு என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"உந்த வேகத்தில பின்னினா வல்லூறு கிழடாகிப் போயிடுமடி."

"வாயை மூடிக்கொண்டு பாருங்கோ. வலைக்கண் ஒவ்வொண்டும் ஒரே அளவு."

"ஓம், கண் அளவுதான். ஆள்தான் மெலிஞ்சு போனாய்."

நான் அடுத்த முடிச்சைப் போட்டேன்.

வலை பலம், காற்று வரும் என்றெல்லாம் மகளோடு வாதாடினேன். உண்மைக் காரணம் வேறு. பலகை அடித்தால் பறவையைப் பார்க்க முடியாது. வலை என்றால் சமைத்துக்கொண்டே குசினி யன்னலில் இருந்து பார்க்கலாம். நாலு நாள் பார்த்தேன். சாம்பல் நீல முதுகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை.

ஐந்தாம் நாள் நனைந்த படுக்கை விரிப்பைக் கொடியில் போட உதறினேன். வெள்ளையாக விரிந்த அதைக் கண்டு மிரண்டு, பறவை வலையில் பாய்ந்தது. நகங்கள் வலைக்கண்ணுக்குள் மாட்டித் தலைகீழாகத் தொங்கி அடித்துக்கொண்டது. மகள் ஓடிவந்து கத்தரிக்கோலால் என் முடிச்சுகளை வெட்டி எடுத்தாள். வால் இறகுகளில் ஐந்து முறிந்து போயின.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வால் சரியில்லாட்டி அதால வளைஞ்சு திரும்பேலாதம்மா. பழைய இறகு விழுந்து புதுசு முளைக்கவேணும். கோடை முடியுமட்டும் நிக்கவேணும். அவ்வளவு காலம் அடைபட்டு நிண்டா வேட்டையை மறந்தாலும் மறந்திடும். பிறகு வெளியில விடேலாது."

பின்னேரம் போனில் அவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவிட்டுப் போட்டுப் பலகை அடி."

"நீங்கள்தானே பின்னு பின்னு எண்டு நிண்டனீங்கள்?"

"உன்னைப் பாத்துக்கொண்டு இருக்கலாமெண்டுதான் சொன்னனான்" என்றார்.

நாலு பக்கமும் பலகை அடித்தேன். மேலே மட்டும் சட்டங்களை இடைவெளி விட்டு அறைந்தேன், வானம் தெரியட்டும் என்று. தீனி வைக்க ஒரு சின்னக் கதவு. செத்த கோழிக்குஞ்சை வைத்துவிட்டு உடனே சாத்திவிட வேண்டும். முகம் காட்டக் கூடாது. ஆட்களுக்குப் பழகினால் வெளியே போயும் ஆட்களைத் தேடித்தான் வருமாம்.

பிறகு மாதக்கணக்காகக் காதால்தான் பார்த்தேன். பலகையில் காதை வைத்து நிற்பேன். முதலில் கொம்பில் வந்து இறங்கும்போது தொப்பென்று கேட்கும். நாள் போகப் போக மெதுவாக இறங்கப் பழகி, நகம் உராயும் சத்தம் மட்டும்தான். ஒருநாள் அந்தச் சின்னக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்போமா என்று கை போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

கோடை முடிந்து புது வால் இறகு முளைத்ததும், பறவைகளைத் திரும்ப வெளியில் விடுவதில் கெட்டிக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போனார். வேட்டைக்குப் பறவை பழக்குகிறவர்கள் போலக் காலில் தோல் வாரும் நீளக் கயிறும் கட்டி, வெளியில் பறக்கவிட்டுப் பார்த்தார். வேட்டையை மறக்கவில்லை என்று கண்ட பிறகு விடும் நாளைச் சொன்னார்.

த பேசின் என்ற ஊருக்கு அப்பால் ஒரு புல்வெளி. பெட்டியைத் திறந்ததும் அது வெளியே வந்து கொஞ்ச நேரம் நிலத்தில் நின்றது. பிறகு எழும்பி மரங்களை நோக்கி நேரே போய், மோதப்போகிறது என்று நான் நினைத்த இடத்தில் வாலை விரித்து ஒரே வெட்டில் திரும்பி மேலே ஏறியது.

"எங்க? எங்கையடி?" என்று போனில் அவர் கத்தினார். நான் போனை வானத்துப் பக்கம் பிடித்தேன். அதற்குள் அது ஒரு புள்ளியாகி மறைந்துவிட்டது.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீயே சொல்லு, எப்பிடிப் போனது?"

மகள் காரில் ஏறிவிட்டாள். நான் புல்லுக்குள் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.