இடது கைப் படம்

போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே தீவுத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் கறுப்பு மை. மடியிலிருந்த நோட்டில் இடது கையால் எதையோ வரைவார். உதட்டைக் கடித்தபடி தாளைக் கிழித்துக் கசக்குவார். சட்டென்று எழுந்து டெக்குக்குப் போவார், உடனே திரும்பி வருவார்.

"இடது கைப் பழக்கமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே, வலது கைதான். குழந்தைங்க புக்குக்குப் படம் போடுறேன், ஃபாரின் கம்பெனிக்கெல்லாம்." போனை நீட்டினார். மெல்லிய கோட்டில் வட்ட வட்டமாக முகங்கள்.

"அழகா இருக்கே!"

"அரே, இது நான் போட்டதில்லண்ணே. என் ஸ்டைல்ல வேணும்னு யாரோ கேட்டிருக்காங்க, கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்திருச்சு. பத்து வருஷமாப் பழகுன கோடு. எது என்னுது, எது அதோடதுன்னு எனக்கே ஃபரக் தெரியல."

"அதுக்காக இடது கையா?"

"அதுக்குத் தெரியாத கோடு ஒண்ணு வேணுமில்ல?"

ஹட் பே கப்பல்துறையில் இறங்கும்போது என் கையில் ஒரு தாளைத் திணித்தார். "இதுவும் சரியா வரலண்ணே" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் வேகமாகப் போய்விட்டார்.

என்னைத்தான் வரைந்திருந்தார். மூக்கு கோணல், ஒரு கண் பெரிது, கோடு எங்கெங்கோ இழுத்துக்கொண்டு ஓடியது.

வீட்டில் மனைவி பார்த்ததும் சிரித்துவிட்டாள். "யாருங்க போட்டது? கப்பல்ல ஏறினா நீங்க பயந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களே, அது அப்படியே இருக்கு!"

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.