வேலைக்குப் போகாதவர் பட்டியல்

அலுவலகத்தில் அவளைப் ‘பசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய பள்ளிப் பதிவேட்டையும் இன்றைய வேலைப் பதிவேட்டையும் கணினியில் ஒட்டுவதுதான் அவள் பிழைப்பு. மொத்தம் நாற்பது லட்சம் பேர். படித்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்க்கிற ஆராய்ச்சி. அவள் துப்புரவுத் தொழிலாளியின் மகள், அரசு விடுதியில் தங்கிப் படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள். அதனால் இந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அறிக்கை தயார். விடுதியில் படித்த பையன்கள் முன்னேறிவிட்டார்கள், பெண்களில் பாதிக்கு மேல் வேலைக்கே போகவில்லை என்றது அது. அப்படியானால் பெண்கள் விடுதிகளை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. அறிக்கை போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

வியாழக்கிழமை, கை சும்மா இருக்காமல், தன் பெயரையே தட்டிப் பார்த்தாள். ‘வேலைக்குப் போகவில்லை’ என்று வந்தது. அடக் கண்றாவியே! இருபது வருஷமாக மாடாய் உழைக்கிறவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த ஆளுக்கு வேலையில்லை என்று எண்ண வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவதி யார்? சாட்சாத் அவளேதான். கல்யாணத்துக்குப் பிறகு வேலைப் பதிவேட்டில் அப்பா பெயர் இருந்த இடத்தில் புருஷன் பெயர் ஏறியது, விதியை எழுதும்போது அவள் நினைவுக்கே வரவில்லை.

அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புருஷனிடம் சொன்னாள். யாரும் கேட்காததை நீயே போய்ச் சொல்லித் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளாதே என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

மறுநாள் காலை இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“உங்களுக்கே பேர் மாறியிருக்கே, எப்படிம்மா தோணாம போச்சு?” என்று கேட்டார் இயக்குநர்.

“அப்பா பேர் யாருக்கும் மாறாதுன்னே நினைச்சுட்டேன் மேடம். பொம்பளைங்க ஞாபகமே வரல.”

அந்த அம்மா மேசைக் கணினியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு தன் பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் சொல்லி, தன்னைத் தேடச் சொன்னார். நொடியில் வந்துவிட்டது. முனைவர் பட்டம் வாங்கி, நாற்பது பேரை வேலை வாங்குகிறவரும் வேலைக்குப் போகவில்லையாம்.

இயக்குநர் சிரிக்கவில்லை. அறிக்கையை நிறுத்திவைத்தார்.

“மொத்தத்தையும் மறுபடி ஒட்ட எத்தனை மாசம் ஆகும்?”

“மூணு மாசம்” என்றாள், தன் ஒப்பந்தத்தில் மிச்சமிருப்பது ஒன்றுதான் என்று தெரிந்தே.