கூர் நிற்காத கத்தி

வாழ்நாளில் ஒரு பிளேடு வாங்கியதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் என் வாப்பா. கடலோரத்து மருதமுனையில் சாறன் நெய்கிறவர்கள் நிறையப் பேர். தறியை விட்டு எழும்பினால் எல்லோர் தலையிலும் ஒரே பஞ்சு. அவர்களுக்குள் வாப்பாவின் முகம் மட்டும் கழுவிக் கவிழ்த்த கோப்பை போல வழவழவென்று இருக்கும். அதில் அவருக்குப் பெருமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன், கிணற்றடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, அவருடைய வாப்பா விட்டுப்போன சவரக்கத்தியால் வழிப்பார். "பிளேட்டுக்காரனுக்கு நான் ஒரு சதமும் குடுக்கல்ல" என்பார், யாரோ வந்து கேட்டு நிற்பதுபோல. "மிச்சம் புடிச்சி மாடி வீடு கட்டியாச்சி" என்று உம்மா அடுப்படியிலிருந்து சொல்லுவாள்.

கடல் வந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, எழுதவும் தெரியாது. வாப்பா என்னை ஒரு கையிலும் தம்பியை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் வடிந்தபோது ஒரு கையில் நான் இருந்தேன்.

பிரதான வீதிக்கு மேற்கே, வயலோரத்தில் தகரக் கொட்டில்கள் அடித்துக் கொடுத்தார்கள். அங்கே போன முதல் கிழமை உம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "ரெண்டு கையிலயும் ரெண்டு புள்ள இரிந்திச்சே." சண்டை பிடிக்கிற குரலில் அல்ல, வைத்த பொருளை வைத்த இடத்தில் காணாதவளின் குரலில். அதற்குப் பிறகு சோறு, தண்ணீர் என்பதற்கு மேல் அவர்கள் ஒருவரோடொருவர் கதைத்து நான் கேட்கவில்லை.

வாப்பா தினமும் எங்கள் பழைய வளவுக்குப் போய் மணலைக் கிளறிக்கொண்டிருப்பார். தறியில் ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை. ஒரு நாள் நசுங்கிய பிஸ்கட் தகரம் ஒன்று அகப்பட்டது. அதற்குள் அந்தச் சவரக்கத்தி இருந்தது, உப்பேறி, கறுத்து, புள்ளி புள்ளியாய்த் துரு விழுந்து. அதை அவர் கொட்டிலுக்குக் கொண்டுவந்தபோது நான் துள்ளினேன். வாப்பாவின் முகம் பழையபடி வழவழப்பாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமைகள் திரும்பி வரும், உம்மா மாடி வீட்டைப் பற்றிப் பகிடி விடுவாள்.

சாணைக்கல் கடலோடு போய்விட்டது. புதிது வாங்க வழியில்லை. நிவாரணத்தில் வந்த பீங்கான் கோப்பையை வாப்பா கவிழ்த்துவைத்தார். அதன் அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் தண்ணீர் தொட்டு, கத்தியைச் சாய்த்துப் படுக்கவைத்து, மெல்ல மெல்லத் தேய்த்தார். பிறகு ஜீன்ஸ். சாறனைத் தவிர வேறெதையும் இடுப்பில் ஏற்றாத மனிதருக்கு, இரண்டு பேர் ஒன்றாகப் புகக்கூடிய ஒரு ஜீன்ஸை யாரோ அனுப்பியிருந்தார்கள். அதன் ஒரு காலை வெட்டிக் கம்பத்தில் ஆணியடித்து, பற்பசை தடவி, கத்தியை மேலும் கீழும் இழுத்தார். அதற்குப் பிறகு பலகையில் சுற்றிய பழைய பத்திரிகை. தேத்தண்ணிக் கடையில் கேட்டு நான்தான் வாங்கிவருவேன், அச்சு மை கத்தியை மினுக்கும் என்று சொல்லித் தந்திருந்தார். கடைசியாக, சாறனுக்கு மேல் கட்டியிருந்த அகலத் தோல் பெல்ட்.

எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார். "ஒரு முடி தா மகள்."

நான் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுப்பேன். அதைத் தொங்கப் பிடித்துக் கத்தியை வைப்பார். சத்தமேயில்லாமல் முடி இரண்டாகும். தலையை ஆட்டிவிட்டு, கத்தியை மடித்து, கூரைச் சட்டத்தின் மேல் வைப்பார். அடுத்த நாள் காலையில் இன்னொரு முடி கேட்பார். அது கத்தியில் வளைந்து வழுக்கிப் போகும். மறுபடி கோப்பை, ஜீன்ஸ், பத்திரிகை, பெல்ட்.

"கடல் குடிச்ச இரும்பு, மகள். கூரு நிக்கிதில்ல" என்றார் ஒரு நாள்.

எனக்கு அழுகை வந்தது. அந்தக் கத்தியின் கூர் நிற்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆக் கேட்டேன். தம்பியைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போயிருந்தேன். கத்தி சின்ன விஷயம், அல்லாஹ்வுக்கு லேசு என்று நினைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. முடி இரண்டாக விழுந்த நாட்களிலும் வாப்பா சவர்க்காரம் நுரைக்கவில்லை, கண்ணாடி கேட்கவில்லை. முகத்தில் ஒரு மாதத்து மயிர் அப்படியே கிடந்தது. கேட்டால், "கூரு இன்னும் கொஞ்சம் வரோணும்" என்பார்.

ஒரு நாள் விடியுமுன் சுபஹு பாங்கு சொல்லும்போது விழித்துக்கொண்டேன். உம்மாவின் பாய் வெறுமையாக இருந்தது. வெளியே தண்ணீர்த் தொட்டியின் சிமெந்துக் கட்டருகே அவள் குந்தியிருந்தாள், கையில் கத்தி. அவளும் தீட்டுகிறாள் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவள் கத்தியைச் சாய்க்கவில்லை. கத்தியின் வாயைக் கீழ்நோக்கி நிமிர்த்திப் பிடித்து, சிமெந்தை அறுப்பதுபோல இரண்டு தரம் இழுத்தாள். நகத்தில் வைத்துப் பார்த்தாள். முந்தானையில் துடைத்து, மடித்து, அடிமேல் அடிவைத்து வந்து கூரைச் சட்டத்தில் வைத்தாள், ஒரு விரல் அளவும் இடம் மாறாமல். பிறகு முகம் கை கால் கழுவி வுழூச் செய்து தொழுதாள். அன்று அவள் நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப நேரமெடுத்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தம்பியை விட்டதற்கு உம்மா வாப்பாவைத் தண்டிக்கிறாள். கத்தியை மழுக்கி, முகத்தைக்கூட வழிக்க விடாமல் பழிவாங்குகிறாள். அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

காலையில் வாப்பா கோப்பையைக் கவிழ்த்தபோதே சொல்லிவிட்டேன். அவர் கை நின்றது.

"எவ்வளவு நாளா?"

நான் கண்டது ஒரு நாள்தான். கோபத்தில், "ஒவ்வொரு நாளும்" என்றேன்.

வாப்பா கத்தியை மடித்தார். பிறகு எழும்பிப் போனார். வாசலில் உம்மா சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாப்பா கத்தியை அந்த அரிசியின் மேல் வைத்தார்.

"நீயே வெச்சிக்க."

உம்மாவின் விரல்கள் இன்னும் இரண்டு மூன்று கல்லைப் பொறுக்கின. பிறகு சுளகின் மேல் அப்படியே கவிழ்ந்து அழுதாள். தம்பிக்காக அவள் அப்படி அழுது நான் கண்டதில்லை. அரிசி மண்ணில் சிந்தியது. வாப்பா பக்கத்தில் குந்தி அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கையும் களவுமாகப் பிடிபட்டு வெட்கத்தில் அழுகிறாள் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

வாப்பாவுக்குத் தாடி வளர்ந்தது. பள்ளிவாசலில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "மாஷா அல்லாஹ், இவரு தீனுக்கு வந்திட்டாரு" என்றார்கள். குர்ஆன் ஓதல் பள்ளியில் நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஆனால் அவர் தீனுக்கு, மார்க்கத்துக்கு, வந்ததாகவோ வேறெதற்கும் வந்ததாகவோ எனக்குத் தெரியவில்லை. வீடு கட்டித் தந்தார்கள், வாசலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தறி ஒன்று தந்தார்கள், அதில் அவர் நூல் ஏற்றவேயில்லை. அப்படியே பதினொரு வருடம். ஒரு பகல் நெஞ்சு நோவென்று படுத்தவர் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் மௌத்தாகிவிட்டார்.

நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடிருந்து உம்மாவின் இத்தா முடிந்த கிழமை, அவளுடைய அலுமாரியை ஒதுக்கும்போது அந்த ஜீன்ஸ் துண்டு கையில் பட்டது. உள்ளே சவரக்கத்தி. துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்தேன், லேசாகத் திறந்தது. உடம்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. வாய் மட்டும் வெள்ளையாக, அண்மையில் உரசிய கீறலோடு இருந்தது. கத்தியின் அகலம் பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருந்தது.

வாசற்படியில் உம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு தந்த அண்டைக்கே எறிஞ்சிரிக்கலாமே உம்மா?"

"எறிஞ்சா கயிறோ கிணறோ, வேறொண்டத் தேடுவாரு" என்றாள். "இது வீட்ட கெடந்தா, இதத்தானே எடுப்பாரு."

கத்தியை என் கையிலிருந்து வாங்கி, அதே துணியில் சுற்றி, அதே இடத்தில் வைத்தாள்.

ஒன்பது வயதில் ஒவ்வொரு காலையிலும் அந்தக் கத்தியைச் சோதிக்க என் தலையிலிருந்து முடி பிடுங்கிக் கொடுத்தவள் நான். ஐந்து வேளையும் கையேந்தி அதற்காகவே கேட்டேன். அதையும் தராமல் விட்டானே என்று அல்லாஹ்வோடு வெகு நாள் கோபித்துக்கொண்டிருந்தேன்.